கைபேசிச் செயலிகளைக் கொண்டு பாடக்குறிப்பு தயாரித்தல்: ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. ஒரு பாட அலகை எடுத்துக்கொண்டு, அதற்கான பாடக்குறிப்பைக் கைபேசியின் துணையோடு தொடக்கத்திலிருந்து வகுப்பறை வரை எப்படிக் கொண்டுசெல்வது என்பதை இது வரிசையாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக ஏழாம் வகுப்பு அறிவியல் முதல் பருவத்தில் வரும் ‘விசையும் இயக்கமும்’ என்னும் அலகை முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். வேறு பாடம் நடத்துவோர் அலகை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். வரிசை அப்படியே பொருந்தும்.

அந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் செயலியைத் திறந்து, அலகின் பெயரைத் தட்டச்சு செய்து, கிடைக்கும் காணொளிகளைச் சேமிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு மணி நேரம் கழிந்த பின் கையில் பல காணொளிகள் இருக்கும். ஆனால் நாளைய பாடவேளையில் மாணவர்கள் எதைச் செய்யப்போகிறார்கள் என்பது முடிவாகியிருக்காது. காணொளியில் உள்ளதே பாடமாகிவிடும். ஆகவே, இந்த வழிகாட்டியில் பாடப்பொருளைத் தேடும் செயலி ஐந்தாவது படியில்தான் திறக்கப்படுகிறது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. அடிப்படை எண்ணறிவுக்கும் எழுத்தறிவுக்குமாக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் கற்றல் நிலைகளுக்கேற்ற செயல்பாடுகள் ஆசிரியர் கையேட்டிலேயே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அங்கே கைபேசியின் வேலை திட்டமிடுவதன்று. கையேட்டில் குறிப்பிட்ட செயல்பாட்டுக்குத் துணைப்பொருள் தேடுவதும், எந்தக் குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வதும்தான். உங்களுக்கு 5, 8, 9 ஆகிய படிகள் போதுமானவை.

1. கைபேசியையும் வகுப்பறையையும் முதலில் சோதித்தல்

இந்தப் படியை ஒருமுறை செய்தால் ஆண்டு முழுவதற்கும் பயன்படும். இதைத் தவிர்த்தவர்கள் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஓரிடத்தில் தடுக்கி நிற்பதைப் பார்க்கிறேன்.

கைபேசியில் குறைந்தது 3 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். இடம் போதாதபோது பதிவிறக்கம் பாதியில் நின்றுவிடும்; அது பெரும்பாலும் வகுப்புக்கு முந்தைய இரவில்தான் தெரியவரும். பள்ளி வேலைக்கென்று தனியாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கிக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் குடும்பப் படங்களோடு பங்குபோடப்படாமல் இருக்கும் என்பது ஒரு காரணம். வகுப்பில் திரையைக் காட்டும்போது சொந்தக் கடிதங்களும் படங்களும் எதிர்பாராமல் மாணவர் கண்ணில் படாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தேவையான செயலிகள் மிகச் சிலவே: பாடநூலின் கியூஆர் குறியீடுகளுக்குத் திக்ஷா, பாடக் காணொளிகளுக்கு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய மணற்கேணி, குறிப்பு எழுதுவதற்கு கூகுள் டாக்ஸ், துண்டுக் குறிப்புகளைச் சேர்ப்பதற்கு கூகுள் கீப், அச்சிட்ட எழுத்தைப் படமெடுத்து உரையாக்குவதற்கு கூகுள் லென்ஸ், தமிழில் எழுதவும் பேசி எழுதவும் ஜிபோர்டு விசைப்பலகை. இவற்றுக்கு மேல் வேண்டியதில்லை. பாடத்திட்டம் தயாரித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகள் பல இருந்தாலும், அவற்றின் படிவங்கள் பெரும்பாலும் நம் பாடநூலுக்கும் நம் பள்ளிகளில் கேட்கப்படும் பாடக்குறிப்பு வடிவத்துக்கும் பொருந்துவதில்லை.

அடுத்து, கைபேசியில் உள்ளதை வகுப்பில் எதன் வழியாகக் காட்டப்போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கைபேசியையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பியைக் கடையில் வாங்கி வந்து, அது வேலை செய்யாமல் ஏமாந்தவர்கள் பலர். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் யூஎஸ்பி-சி துளை மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே பயன்படும். திரைக்காட்சியை வெளியே அனுப்பும் வசதி அதில் இருப்பதில்லை. கம்பியில்லாமல் திரையைப் பிரதிபலிக்க வேண்டுமானால், பெரும்பாலும் கைபேசியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபை இணைப்பில் இருக்க வேண்டும். எனவே எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் கைபேசியின் மாதிரி எண்ணைக் கொண்டு அந்த வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தையோ திறன் பலகையையோ எந்தப் பாடவேளையில் பயன்படுத்தலாம் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எதுவும் இல்லாத பள்ளியிலும் இந்த வழிகாட்டி பயன்படும். ஏனெனில் இங்கே கைபேசியின் முதன்மையான வேலை ஆசிரியர் தயாராவதற்கு உதவுவதே.

2. கைபேசியை ஒதுக்கிவைத்துப் பாடநூலைப் படித்தல்

அலகு முழுவதையும், பயிற்சி வினாக்கள் உட்பட, அச்சுப் புத்தகத்தில் ஒரே அமர்வில் படியுங்கள். கைபேசித் திரையில் ஒரு பக்கத்தில் பாதிதான் ஒரு நேரத்தில் தெரியும். எது எதற்கு முன்பு வருகிறது, எந்தக் கருத்து எந்தக் கருத்தின் மேல் நிற்கிறது என்பதை அந்தச் சிறு திரையில் பிடிப்பது கடினம்.

படித்த பின் அலகைப் பாடவேளைகளாகப் பிரியுங்கள். ‘விசையும் இயக்கமும்’ அலகை நான் எட்டாகப் பிரிப்பேன்: தொலைவும் இடப்பெயர்ச்சியும், வேகமும் அளவீட்டு அலகு மாற்றமும், திசைவேகம், முடுக்கம், வரைபடங்களுக்கு இரண்டு பாடவேளைகள், ஈர்ப்பு மையமும் நிலைத்தன்மையும், இறுதியாகத் தொகுப்பும் குறைதீர் கற்றலும். வரைபடத்துக்கு இரண்டு ஒதுக்கக் காரணம் உண்டு. தொலைவு–கால வரைபடத்தில் ஏறிச்செல்லும் கோட்டைப் பார்த்து, வண்டி மேட்டில் ஏறுகிறது என்று எண்ணும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அந்த எண்ணத்தைக் கலைக்க, அவர்கள் தம் கையால் வரைந்து பார்க்க நேரம் வேண்டும்.

ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு கற்றல் விளைவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘இடப்பெயர்ச்சியைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் அதைச் சரிபார்க்க வழியில்லை. ‘ஒரு பயணத்தின் வரைபடத்தைக் கொடுத்தால் அதன் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் தனித்தனியே அளந்து கூறுவர்’ என்று எழுதினால், வகுப்பின் முடிவில் அது நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

3. பாடத்தின் முடிவில் கேட்கப்போகும் வினாவை முதலில் எழுதுதல்

பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாடக்குறிப்புப் படிவத்தில் மதிப்பீடு கடைசிப் பகுதியில் வருவதால், அதைக் கடைசியாக எழுதுவதே பழக்கமாகியிருக்கிறது. அந்த நேரத்தில் சோர்வும் வந்துவிடுவதால் ‘இடப்பெயர்ச்சி என்றால் என்ன?’ என்ற வரையறை வினாவோடு முடிந்துவிடுகிறது.

முதல் பாடவேளைக்கான என் வினா இது: ‘400 மீட்டர் ஓடுபாதையை ஒருமுறை முழுதாகச் சுற்றி, தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கும் மாணவி கடந்த தொலைவு எவ்வளவு? அவளுடைய இடப்பெயர்ச்சி எவ்வளவு?’ தொலைவு 400 மீட்டர், இடப்பெயர்ச்சி சுழியம். வரையறையை மனப்பாடம் செய்த மாணவர் இரண்டுக்கும் 400 என்று எழுதிவிடுவார். புரிந்துகொண்டவர் மட்டுமே சுழியம் என்று துணிந்து எழுதுவார். விடையைப் பார்த்த உடனேயே யாருக்கு மீண்டும் சொல்ல வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வினாவை இப்போதே எழுதிவைப்பதன் பயன் ஐந்தாவது படியில் தெரியும். இருபது காணொளிகள் கிடைக்கும்போது, ‘இதைப் பார்த்த மாணவரால் அந்த வினாவுக்கு விடை சொல்ல முடியுமா?’ என்று கேட்டால், பெரும்பாலானவை தாமே விலகிவிடும். அந்தக் கேள்வி கையில் இல்லாதவர், படம் அழகாக இருக்கிறதா, குரல் தெளிவாக இருக்கிறதா என்பதை மட்டுமே வைத்துத் தேர்ந்தெடுக்க நேரிடும்.

4. மாதிரிப் படிவத்தை ஒருமுறை உருவாக்கிப் படியெடுத்தல்

கூகுள் டாக்ஸில் ஒரு வெற்றுப் படிவம் உருவாக்குங்கள். மேலே வகுப்பு, பாடம், அலகு, பாடவேளை எண், கற்றல் விளைவு. அதன் கீழே உங்கள் பள்ளியில் கேட்கப்படும் தலைப்புகள். நடுநிலை வகுப்புகளில் பரவலாக உள்ள வடிவம் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று செல்லும். ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் நிமிடம் எழுத ஓர் இடம் விடுங்கள். பிறகு அந்தக் கோப்பில் எதையும் எழுதாமல், ஒவ்வொரு பாடவேளைக்கும் அதைப் படியெடுத்துப் பயன்படுத்துங்கள். பழைய குறிப்பின் மேலேயே எழுதித் திருத்துபவர்கள், சென்ற வாரத்துக் கற்றல் விளைவை இந்த வாரத்துக் குறிப்பில் தவறுதலாக விட்டுவிடுகிறார்கள்.

கோப்புப் பெயரை ‘7-அறி-ப1-அ2-பாவே1’ என்பதுபோல ஒரே ஒழுங்கில் வையுங்கள். வகுப்பு, பாடம், பருவம், அலகு, பாடவேளை என்ற வரிசையில் பெயரிட்டால், அடுத்த ஆண்டு தேடும்போது கோப்புகள் தாமே வரிசையாக நிற்கும்.

அந்தக் கோப்புக்கு இணையமில்லாதபோதும் திறக்கும் வசதியை இயக்கி வையுங்கள். கோப்பின் அருகே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அந்தத் தேர்வு கிடைக்கும். இதைச் செய்யாதவருக்குக் குறிப்பு வீட்டில் திறக்கும், வகுப்பில் திறக்காது.

தமிழில் தட்டச்சு செய்வது மெதுவாக இருந்தால் ஜிபோர்டின் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசி எழுதலாம். பேச்சு வழக்கில் சொன்னால் அது பேச்சு வழக்கிலேயே எழுதும். ஆகவே எழுத வேண்டிய வாக்கியத்தையே நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் அடிக்கடி பிழையாகும் என்பதால் ஒருமுறை படித்துத் திருத்துவது கட்டாயம். சூத்திரங்களைப் பேசி எழுத முயல வேண்டாம். தாளில் எழுதிப் படமெடுத்துக் கோப்பில் சேர்ப்பது விரைவானது, பிழையற்றது.

பாடநூலின் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால், எழுத்துகள் பொருளில்லாத குறிகளாக மாறி வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அந்தக் கோப்பு ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருவில் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். உங்கள் கைபேசியில் பழுதில்லை. அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து உரையை நகலெடுங்கள். பக்கம் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிந்திருந்தால் வரிகள் கலந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாக வெட்டி எடுப்பது நல்லது.

5. பாடப்பொருளைத் தேடுதல், பார்த்துச் சலித்தல், பதிவிறக்குதல்

இப்போது திக்ஷாவைத் திறக்கலாம். முதல்முறை திறக்கும்போது கல்வி வாரியம், பயிற்றுமொழி, வகுப்பு ஆகியவற்றைக் கேட்கும். இங்கே பயிற்றுமொழியைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘என் பாடத்துக்கு ஒன்றுமே இல்லை’ என்று செயலியை நீக்கியவர்கள் உண்டு. இரு மொழிப் பிரிவுகளுக்கும் பாடம் எடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

2018-இலும் 2019-இலும் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றைக் கைபேசியின் பொதுவான படக்கருவியால் படிக்காமல், திக்ஷாவுக்குள் இருக்கும் கியூஆர் குறியைத் தொட்டுப் படியுங்கள். அப்போதுதான் பொருள் செயலிக்குள்ளேயே திறந்து, பதிவிறக்கத் தக்கதாகவும் இருக்கும். புத்தகம் பழையதாகிக் குறியீடு மங்கியிருந்தால், அதன் கீழே அச்சிடப்பட்டுள்ள ஆறு எழுத்துக் குறியைத் தட்டச்சு செய்தாலும் அதே பக்கம் கிடைக்கும். இதை அறியாமல் நல்ல புத்தகம் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிடைத்த காணொளியை முழுவதுமாக, கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் நிமிடத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே இந்தப் படியின் மிகப் பரவலான பிழை. மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை உங்கள் கற்றல் விளைவுக்குப் பயன்படுகிறது; பாடநூலில் உள்ள கலைச்சொற்களே அதிலும் வருகின்றனவா; மாணவர் இன்னும் படிக்காத கருத்து எதையேனும் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறதா. பத்து நிமிடக் காணொளியில் மூன்று நிமிடமே தேவைப்படுவது இயல்பு. அந்த மூன்று நிமிடத்தை மட்டும் காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

தலைப்பு பொருந்துவதால் உள்ளடக்கமும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் ‘ஃபோர்சஸ் அண்ட் மோஷன்: பேசிக்ஸ்’ என்ற உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) இலவசமாகக் கிடைக்கிறது, மிக நல்ல கருவி. ஆனால் அது நிகர விசை, உராய்வு, முடுக்கம் ஆகியவற்றைப் பற்றியது. நம் ஏழாம் வகுப்பு அலகின் பெயரில் விசை இருந்தாலும், அதன் தொடக்கப் பகுதிகள் இயக்கத்தை அளப்பதைப் பற்றியவை. அதனால் முதல் பாடவேளையில் அதைக் காட்டினால் மாணவர் குழம்புவர். முடுக்கம் வரும்போது அதன் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ஃபெட் உருவகப்படுத்தல்கள் பலவற்றைக் கணினியில் பதிவிறக்கி இணையமில்லாமல் இயக்கலாம் என்பதால் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அவை மிகவும் ஏற்றவை. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

சில கருத்துகளுக்குக் காணொளி தேவையே இல்லை. தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் கற்பிக்கப் பள்ளி மைதானத்தைவிடச் சிறந்த இடமில்லை. சுண்ணாம்புத் தூளால் கிழக்கே 3 மீட்டர், அங்கிருந்து வடக்கே 4 மீட்டர் கோடு போட்டு, ஒரு மாணவரை நடக்கச் சொல்லி, தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இடையே அளவுநாடாவைப் பிடித்தால் 5 மீட்டர் வரும். நடந்தது 7, நகர்ந்தது 5. இரண்டாம் பாடவேளையில் அதே மைதானத்தில் 20 மீட்டரை நடந்தும் ஓடியும் கடக்கச் சொல்லி, கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் குறிக்கலாம். 16 நொடியில் கடந்தவரின் வேகம் நொடிக்கு 1.25 மீட்டர். ஈர்ப்பு மையத்துக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றை மேசையில் வைத்தாலே போதும். கையால் தொட்டுச் செய்யக்கூடியதற்குப் பதிலாகக் காணொளி காட்டுவதை நான் ஏற்பதில்லை. கண்ணால் காண முடியாததற்கும் பள்ளியில் செய்ய முடியாததற்குமே அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

தேர்ந்தெடுத்ததைப் பதிவிறக்குங்கள். இங்கே ஒரு சிக்கலை முன்பே அறிந்திருக்க வேண்டும்: திக்ஷாவில் பதிவிறக்கிய பொருள் அந்தச் செயலிக்குள்தான் திறக்கும், யூடியூபில் சேமித்ததும் அப்படியே, அதுவும் அவ்வப்போது இணையத்தோடு இணைந்தால்தான் தொடர்ந்து இயங்கும். எனவே இவற்றைப் பென்டிரைவில் நகலெடுத்துத் தொலைக்காட்சியில் செருகிவிடலாம் என்று திட்டமிட்டால் நிறைவேறாது. பென்டிரைவ் மட்டுமே வழி என்றால், பதிவிறக்கக் கோப்பாகவே கிடைக்கும் பாடப்பொருள்களைத் தேர்ந்தெடுங்கள்.

6. செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் துணை வினாக்களுக்குப் பயன்படுத்துதல்

ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் ‘ஏழாம் வகுப்பு விசையும் இயக்கமும் பாடத்துக்குப் பாடக்குறிப்பு தருக’ என்று கேட்டால், சில நொடிகளில் முழுக் குறிப்பும் வந்துவிடும். அதை அப்படியே பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்கவில்லை. அந்தச் செயலிக்கு உங்கள் வகுப்பு எதில் தடுமாறுகிறது என்று தெரியாது. பாடநூலில் இல்லாத பகுதிகளை அது சேர்க்கும், உள்ளவற்றை விடும். மாறாக, மூன்றாம் படியில் நீங்கள் எழுதிய வினாவை ஒத்த பயிற்சி வினாக்களைப் பெருக்குவதற்கு அது மிக நன்றாக உதவும்.

கேட்கும் முறை முக்கியம். நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

‘கீழே தந்துள்ள பாடநூல் பத்தியை மட்டும் அடிப்படையாகக் கொள்க. தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் வேறுபடுத்தச் செய்யும் ஆறு வினாக்கள் தருக. முதல் இரண்டு நேர்கோட்டுப் பயணம், அடுத்த இரண்டு சென்று திரும்பும் பயணம், கடைசி இரண்டு செங்கோணத்தில் திரும்பும் பயணம். விடைகள் முழு எண்களாக இருக்கட்டும். பத்தியில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்துக. ஒவ்வொரு விடையையும் படிப்படியாகக் காட்டுக.’

பத்தியை ஒட்டுவது, பாடநூலை விட்டு விலகாமல் இருப்பதற்காக. கலைச்சொற்களைப் பற்றிய வரி இல்லையென்றால் வேகத்தையும் திசைவேகத்தையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடும். படிப்படியான விடையைக் கேட்பது உங்களுக்காக. பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பதை அப்போதுதான் காண முடியும்.

வந்த ஒவ்வொரு வினாவையும் நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். அலகு மாற்றக் கணக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். மணிக்கு 54 கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும், விடை 15. தலைகீழாக 18/5-ஆல் பெருக்கினால் 194.4 வரும். பேருந்து நொடிக்கு 194 மீட்டர் போகாது என்று நமக்குத் தெரியும். அச்சிட்ட விடையை நம்பும் மாணவருக்கு அந்த ஐயம் எழாது.

விடை சரியாக இருந்தாலும் வழி பொருந்தாமல் போகலாம். செங்கோணப் பயணத்துக்கான இடப்பெயர்ச்சியை இந்தச் செயலிகள் பிதாகரஸ் தேற்றத்தால் கண்டு காட்டும். அந்தத் தேற்றம் நம் மாணவர்களுக்கு எட்டாம் வகுப்புக் கணிதத்தில்தான் வருகிறது. ஏழாம் வகுப்பில் 1 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவுத்திட்டம் வைத்து வரைந்து, அளவுகோலால் அளந்து விடை காணச் செய்ய வேண்டும். இப்படி வழியை மாற்றி எழுதும் வேலை ஆசிரியருடையது. அதைச் செய்ய நேரமில்லாதபோது அந்த வினாவையே விட்டுவிடுங்கள்.

மாணவரின் பெயர், மதிப்பெண், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை வழங்கும் மாணவர் அடையாள எண்), படம் ஆகியவற்றை இந்தச் செயலிகளில் ஒருபோதும் இட வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு குழந்தையின் தடுமாற்றத்தை அதன் பெயரோடு சேர்த்து வெளியே அனுப்ப நமக்கு உரிமையில்லை. ‘ஒரு மாணவர்’ என்று எழுதினாலே செயலிக்குப் போதும்.

7. நிமிடங்களை ஒதுக்கிக் குறிப்பை முடித்தல்

45 நிமிடப் பாடவேளையில் 42 நிமிடங்களுக்கு மட்டும் திட்டமிடுங்கள். மீதி மூன்று நிமிடம் வருகைப் பதிவுக்கும் மைதானத்திலிருந்து வகுப்புக்குத் திரும்புவதற்கும் போய்விடும். முதல் பாடவேளைக்கு என் ஒதுக்கீடு: அறிமுகம் 4, படித்தல் 7, மைதானச் செயல்பாடு 12, காணொளித் துண்டு 4, மனவரைபடமும் தொகுத்தலும் 6, மதிப்பீடு 7, தொடர்பணி 2.

காணொளி செயல்பாட்டுக்குப் பிறகே வருகிறது என்பதைக் கவனியுங்கள். மாணவர் தாமே நடந்து அளந்த பின் அதைப் பார்த்தால், தாம் கண்டதை உறுதிப்படுத்திக்கொள்வர். முன்பே காட்டிவிட்டால் மைதானத்தில் விடையை ஒப்புவிப்பார்களே தவிர அளக்க மாட்டார்கள். காணொளிக்கு முன் ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, அதற்கு விடை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறிப்பின் அடியில் ஒரு வரி சேருங்கள்: ‘மின்சாரமோ கருவியோ இல்லையெனில்’ என்று தொடங்கி, காணொளித் துண்டுக்குப் பதில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். இந்தப் பாடவேளைக்கு, கரும்பலகையில் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான வழியை வரைந்து அளப்பதே அந்த மாற்று. அந்த வரியை எழுத முடியவில்லையென்றால், பாடம் முழுவதும் கருவியை நம்பி நிற்கிறது என்று பொருள். ஐந்தாம் படிக்குத் திரும்பிச் செயல்பாட்டை மாற்றி அமையுங்கள்.

8. முந்தைய நாளே வகுப்பறையில் ஒத்திகை பார்த்தல்

கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, குறிப்பையும் பதிவிறக்கிய பொருளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதது எதுவும் உண்மையில் உங்களிடம் இல்லை. பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் உள்ள எழுத்து தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்று சோதியுங்கள். சன்னல் வெளிச்சம் விழும் வகுப்பறைகளில் காலையில் தெளிவாகத் தெரியும் திரை மதியத்தில் வெளிறிவிடும். எனவே பாடம் நடக்கும் அதே நேரத்தில் பார்ப்பது நல்லது.

திரையைப் பிரதிபலிக்கும் முன் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அமைப்பை இயக்குங்கள். வாட்ஸ்அப் செய்தி ஒன்று பெரிய திரையில் மேலே வந்து நின்றால், வகுப்பின் கவனத்தை மீட்கப் பல நிமிடங்கள் ஆகும்.

9. பாடம் முடிந்த அன்றே குறிப்பைத் திருத்துதல்

மதிப்பீட்டு விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்து, கீப் செயலியில் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை பேர் எந்தப் பிழையைச் செய்தார்கள், எந்தப் பகுதிக்கு நேரம் போதவில்லை. அன்றைய மாலைக்குள் அதை டாக்ஸில் உள்ள குறிப்பின் ‘குறைதீர் கற்றல்’ பகுதிக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் ‘பாடம் நன்றாக நடந்தது’ என்பதைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வராது. சுழியத்துக்குப் பதில் 400 என்று எழுதியவர்கள் பலர் இருந்தால், வேகத்தைத் தொடங்கும் முன் முதல் ஐந்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள். இடப்பெயர்ச்சி புரியாமல் மூன்றாம் பாடவேளையில் திசைவேகத்தைக் கற்பிக்க இயலாது.

பல பள்ளிகளில் பாடக்குறிப்பேட்டைக் கையால் எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெற வேண்டியிருக்கிறது. அங்கே டாக்ஸில் உள்ளதை அச்சிட்டு ஒட்டலாமா என்று முதலில் கேளுங்கள். கூடாதென்றால், கற்றல் விளைவு, செயல்பாடு, மதிப்பீட்டு வினா ஆகியவற்றை மட்டும் ஏட்டில் எழுதி, விரிவான குறிப்பைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம்.

சக ஆசிரியர்களுக்கு அனுப்பும்போது, திருத்தும் உரிமையின்றிப் பார்க்கும் உரிமையோடு மட்டும் இணைப்பைப் பகிருங்கள். தேவைப்படுவோர் படியெடுத்துத் தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்வர். அனுப்பும் முன் மாணவர் பெயரோ முகமோ கோப்பில் எங்கும் இல்லை என்று பார்த்துவிடுங்கள். காணொளிகளைக் கோப்பாக அனுப்ப வேண்டாம். எந்தப் பக்கத்தின் கியூஆர் குறியீடு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று ஒரு வரியில் குறித்து அனுப்பினால், பெறுபவர் தம் கைபேசியில் தாமே பதிவிறக்கிக்கொள்வார், குழுவில் உள்ள மற்றவர்களின் கைபேசி இடமும் நிரம்பாது.